உளி நிற்கும் இடம்: படிமத்தின் புனிதமும் சிற்பியின் கையும்

சைவக் கோயில் வழிபாட்டில் சிற்பிக்கு உரிய பங்கு எது, அது எந்த இடத்தில் முடிகிறது என்னும் வினா ஆகம நூல்களில் நேர்முகமாக எழுப்பப்படுவது அரிது. ஆயினும் படிமம் வடித்தல், கண் திறத்தல், பதிட்டை செய்தல், பழுதுற்றதைப் புதுக்குதல் ஆகியவற்றுக்கு அவை விதிக்கும் முறைகள் அனைத்தும் இவ்வினாவுக்கு மறைமுகமாக விடை கூறுவனவே. கல்லையோ செம்பையோ உருவாக்கிய கை மனிதக் கை. அவ்வுருவின் முன் நிற்கும் அடியார் வணங்குவதோ இறைவனை. இவ்விரண்டுக்கும் இடையில் நிகழ்வது சிற்பியின் ஆற்றலால் நிகழ்கிறதா, குருக்களின் மந்திரத்தால் நிகழ்கிறதா, அல்லது இருவரும் வாயில்களாக மட்டும் நிற்கத் திருவருளால் நிகழ்கிறதா என்பதை ஆராய்வதற்கு, அண்மைக் காலச் சிற்பி ஒருவரின் வாழ்வும் திருகோணமலைத் துறைமுகத்தைச் சூழ்ந்த நிலத்தின் வரலாறும் ஒன்றையொன்று விளக்கும் சான்றுகளாக அமைகின்றன. அச்சிற்பி, பிள்ளையார்பட்டியிற் பிறந்து, மாமல்லபுரத்திற் கற்பித்து, பசிபிக் மாகடலின் நடுவே எழுந்த சிவன் கோயிலுக்கு வடிவம் வகுத்த வை. கணபதி ஸ்தபதி (1927–2011). அவரையும் திருகோணமலையின் கோணேசர் கோயில் நிற்கும் கோணேசர் மலையையும் இங்கு ஒருங்கே வைப்பதற்குக் காரணம் தொழில் உறவு அன்று. கோணேசர் மலையில் நானூறு ஆண்டுகளாக நிகழ்வுகளே எழுப்பிவரும் வினாவுக்கு அச்சிற்பி தம் எழுத்தாலும் பணியாலும் வெளிப்படையான விடை ஒன்றைச் சொல்ல முற்பட்டார் என்பதே.

இவ்வினாவைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதப்பட்ட பழைய குறிப்புகளுள் ஒன்று, எதிர்பாராத விதமாக, இதே துறைமுகக் கரையிலிருந்து சிறைபிடிக்கப்பட்ட ஒருவருடையது. 1660-இல் திருகோணமலைக்குத் தெற்கே, மூதூரை அடுத்த கொட்டியாரக்குடாவில் நங்கூரமிட்ட கப்பலிலிருந்து கரையிறங்கியபோது கண்டி அரசனின் ஆட்களால் பிடித்துச் செல்லப்பட்ட றொபேர்ட் நொக்ஸ், ஏறத்தாழ 19 ஆண்டுகள் மலைநாட்டில் வாழ்ந்து தப்பிச் சென்று, 1681-இல் வெளியிட்ட நூலில், பௌத்தர்களின் படிமங்கள் கண் அமைக்கப்படும் வரை கம்மியனின் பட்டறையில் வெறும் உலோகக் கட்டியாகவே எவ்வித மதிப்பும் இன்றிக் கிடக்கின்றன என்றும், கண் அமைத்தபின் அதே கட்டி தெய்வமாகி மரியாதையோடு எடுத்துச் செல்லப்படுகிறது என்றும் எழுதினார். அவர் இதை ஏளனமாகவே எழுதினார். ஆனால் ஏளனத்தின் ஊடே அவர் கண்டுகொண்ட செய்தி துல்லியமானது. படிமத்தின் வாழ்வில் ஒரு கோடு உண்டு. அக்கோட்டுக்கு முன்னர் அது பொருள், பின்னர் அது வேறொன்று. சிங்களச் சிற்பியர் புத்தர் படிமத்துக்குக் கண் எழுதும்போது நேரே நோக்காது கண்ணாடியில் பார்த்தே எழுதுவர் என்பதை ஆனந்த குமாரசுவாமி 1908-இல் வெளியிட்ட இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய நூலில் விரித்துரைத்துள்ளார். படைத்தவனே தன் படைப்பின் முதற்பார்வைக்கு அஞ்சி விலகுகிறான் என்பது இவ்வழக்கத்தின் உட்பொருள்.

சைவ மரபில் இச்சடங்கு நயனோன்மீலனம், அதாவது கண் திறத்தல், எனப்படும். திரையிட்ட இடத்தில் ஸ்தபதி பொன் ஊசியால் விழியின் கோடுகளை வரைந்து, பின்னர் உளியால் அவற்றைத் துலக்கி முடிக்க, திரை விலக்கப்பட்டதும் அப்படிமத்தின் பார்வையில் முதலில் விழவேண்டியவை கன்றோடு கூடிய பசு, தானியக் குவியல், கண்ணாடி, கன்னியர் முதலிய மங்கலப் பொருள்களே என்பது விதி. அடுத்து நிகழ்வது இன்னும் கருதத்தக்கது. ஸ்தபதிக்கு ஆடையும் தட்சணையும் அளித்துச் சிறப்புச் செய்து அனுப்பிவிட்டு, ஆசாரியர் அப்படிமத்தின் மேல் சிற்பி தோடம் எனப்படும் குறையை நீக்கும் சுத்தியைச் செய்கிறார். அதன்பின் படிமம் நீரிலும் தானியத்திலும் சயனத்திலும் முறையே வைக்கப்பட்டு, கொம்பரக்கும் குங்கிலியமும் வெண்மெழுகும் எருமை வெண்ணெயும் உள்ளிட்ட எட்டுப் பொருள்களை இடித்துச் சேர்த்த அட்டபந்தன மருந்தால் பீடத்தோடு பிணைக்கப்பட்டு, கும்ப நீரால் முழுக்காட்டப்படுகிறது. உளி பட்ட வடுவை நீக்குவது என்று இச்சுத்திக்கு விளக்கம் தருவோர் உண்டு. கம்மாளர் எனப்படும் கைவினைச் சமூகத்தாரைக் கருவறையிலிருந்து விலக்கி வைத்த சமூக ஏற்பாடு இவ்விளக்கத்தின் அடியில் இருப்பதை மறைப்பதிற் பயனில்லை. நேற்றுவரை மடியில் கிடத்திச் செதுக்கியவன் இன்று அப்பாலிருந்து கும்பிட வேண்டியவன் ஆகிறான் என்பதைத் தத்துவம் மட்டும் கொண்டு நியாயப்படுத்த இயலாது.

கணபதி ஸ்தபதியின் வாழ்வு இந்த ஏற்பாட்டுக்கு எதிரான நெடிய வழக்காடல் என்று கொள்ளத்தக்கது. கோயிற் சிற்பிகளின் குடும்பத்தில் வைத்தியநாத ஸ்தபதியின் மகனாகப் பிறந்த அவர், காரைக்குடி அழகப்பா கல்லூரியில் கணிதம் பயின்றவர். பழனிக் கோயிலில் ஸ்தபதியாகப் பணியாற்றியபின், மாமல்லபுரத்தில் தமிழக அரசு நிறுவிய சிற்பப் பயிற்சி நிலையத்தின் தலைமையைத் தந்தையை அடுத்து ஏற்று, இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் அதனைக் கல்லூரியாக வளர்த்தார். குலத்தொழிலாகத் தந்தை மகனுக்குச் சொல்லிவந்த கலை, பாடத்திட்டமும் தேர்வும் பட்டமும் உடைய கல்வியாக மாறியது அவர் காலத்திலேயே. சென்னையில் 1976-இல் திறக்கப்பட்ட வள்ளுவர் கோட்டத்தின் கல்தேரும், கன்னியாகுமரிப் பாறையில் 2000 சனவரி 1-ஆம் நாள் திறக்கப்பட்ட திருவள்ளுவர் சிலையும் அவருடைய பெயரைப் பொதுமக்களிடம் கொண்டுசென்றன. 2009-இல் இந்திய அரசு அவருக்குப் பத்மபூஷண் விருது அளித்தது.

அவருடைய பணிகளுள் கன்னியாகுமரிச் சிலை இவ்வாய்வுக்கு மிகவும் வேண்டியது. அறத்துப்பாலின் 38 அதிகாரங்களைக் குறிக்கும் 38 அடிப் பீடமும், பொருளும் இன்பமும் சேர்ந்த 95 அதிகாரங்களைக் குறிக்கும் 95 அடி உருவமுமாக 133 அடி உயர்ந்து, ஏறத்தாழ 7,000 டன் எடையுள்ள அச்சிலை, கருவறைத் தெய்வங்களுக்குப் பயன்படும் அதே தொழில் மரபிலிருந்து வந்தது. அம்மரபில் உருவின் அளவு தாலம் என்னும் அலகால் வகுக்கப்படும். தாலம் என்பது முகத்தின் நீளம், அது 12 அங்குலமாகப் பிரிக்கப்படும், சிவன் திருமால் முதலிய பெருந்தெய்வங்களுக்கு உத்தம தசதாலம் எனப்படும் 124 அங்குல அளவு உரியது. இங்குக் கூறப்படும் அங்குலம் உருவின் முகத்திலிருந்தே பெறப்படும் பகுப்பு ஆதலால், கைப்பிடிப் படிமத்துக்கும் மலைபோன்ற சிலைக்கும் ஒரே கணக்கே செல்லும். எனினும் வள்ளுவர் சிலைக்கு நித்திய பூசை இல்லை, அபிடேகம் இல்லை. படகில் செல்வோர் பார்க்கிறார்கள், வியக்கிறார்கள், மாலை சாத்துவோரும் புலவரைப் போற்றுவதாகவே சாத்துகிறார்கள். கையும் உளியும் கணக்கும் ஒன்றாயிருந்தும் ஒன்று நினைவுச்சின்னமாகவும் மற்றொன்று மூர்த்தியாகவும் ஆகின்றன என்றால், வேறுபாடு சிற்பத்தொழிலுக்குள் இல்லை என்பதே நேரடியான முடிவு.

ஸ்தபதி இம்முடிவை ஏற்கவில்லை. கட்புலனாகாத மூலப்பொருள் தன்னுள் ஓர் ஒழுங்கான அதிர்வாக இயங்கி அவ்வியக்கத்தாலேயே வடிவம் கொள்கிறது என்றும், அவ்வொழுங்கின் கணக்கை அறிந்து கல்லில் ஏற்றுபவன் சிற்பி என்றும், ஆகவே முறையான அளவில் அமைந்த வடிவம் அவ்வடிவத்தாலேயே ஆற்றல் உடையது என்றும் அவர் பல நூல்களில் வாதிட்டார். இக்கொள்கையின்படி கண் திறத்தல் ஏற்கெனவே உள்ளதை வெளிப்படுத்தும் செயல் மட்டுமே. சிற்பி குருக்களுக்கு முன்னோடி அல்லன், அவனே முதல் ஆசாரியன். இதற்கு முதனூலாக மாமுனி மயனையும் ஐந்திறம் என்னும் நூலையும் அவர் முன்வைத்தார். அந்நூலின் பழமையை ஆய்வாளர் பலர் ஏற்பதில்லை; மெக்சிக்கோவிலும் குவாத்தமாலாவிலும் வாழ்ந்த மாயா மக்களின் கட்டடங்களை நேரிற் கண்டு அவற்றையும் இம்மயனோடு அவர் இணைத்தமைக்குத் தொல்லியலில் ஆதாரம் இல்லை. பெருந்தொழில் அறிந்த ஒருவர் தம் தொழிலின் பெருமையை நிறுவ வரலாற்றைத் துணைக்கு அழைத்துத் தடுமாறிய இடம் இது. ஆனால் வரலாறு பிழையானதால் தத்துவ வினாவும் பிழையாகிவிடாது. சிற்பி தோடம் நீக்கப்பட வேண்டிய ஒருவனாகத் தன்னைக் கருத மறுத்த கைவினைஞனின் குரல் அதில் கேட்கிறது.

இவ்விடத்தில், திருகோணமலையைப் போலவே இலங்கை மண்ணுக்கு உரியவரும் வாழ்வின் பிற்பகுதி முழுவதையும் அமெரிக்காவின் பொஸ்ரன் அருங்காட்சியகப் பணியில் கழித்தவருமான குமாரசுவாமியின் (1877–1947) கருத்து மறுதலையாக நிற்கிறது. அவருக்கு மரபுவழிச் சிற்பி என்பவன் பெயரற்றவன். தியான சுலோகத்தை, அதாவது மூர்த்தியின் உருவத்தைச் சொல்லும் தோத்திரத்தை, உள்ளத்தில் நிறுத்தி யோகியைப் போல் அதனோடு ஒன்றிய பின்னரே கல்லைத் தொடுபவன். தன்னை வெளிப்படுத்துவது அவன் நோக்கமன்று. உயர்ந்த கருத்துத்தான். ஆனால் பட்டறையை அறிந்தவர்களுக்கு அது சற்று மிகையாகவே தோன்றும். அங்கே தியானத்தைக் காட்டிலும் மிகுதியாகக் கேட்பது கல்லைத் தட்டி ஓசையால் அதன் உள்வெடிப்பை அறியும் ஒலியும், மழுங்கிய உளியை உலையிலிட்டுக் காய்ச்சித் தோய்க்கும் ஒலியும், சிவப்புக் காவியில் தோய்த்த நூலைத் தெறித்து நடுக்கோடு போடுகையில் அளவுச் சொற்களை ஒருவர்க்கொருவர் சொல்லிக்கொள்ளும் ஒலியுமே. பெயரின்மை என்பதும் முழு உண்மை அன்று. தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டு அதன் பெருந்தச்சன் குஞ்சரமல்லனைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது.

ஸ்தபதியின் கொள்கை முழு அளவில் சோதனைக்கு உள்ளானது அயல்நாட்டில். ஹவாய்த் தீவுகளுள் ஒன்றான கவாயில் எழுந்த இறைவன் கோயிலை நிறுவ முனைந்த சிவாய சுப்பிரமுனியசுவாமி, 1949-இல் யாழ்ப்பாணத்துக் கொழும்புத்துறை யோகர் சுவாமிகளிடம் தீட்சை பெற்ற அமெரிக்கர். ஆகவே அக்கோயிலின் ஆன்மிக வேர் இலங்கைச் சைவத்தில் உள்ளது. ஸ்தபதி வகுத்த வரைவின்படி 1990 முதல் பெங்களூருக்கு அண்மையில் அமைந்த சிற்பிகள் குடியிருப்பில் வெண்கருங்கற்கள் மின்கருவி இன்றிக் கையுளியால் செதுக்கப்பட்டு, கப்பலில் அனுப்பப்பட்டு, தீவில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டன. இரும்புக் கம்பி காலப்போக்கில் துருப்பிடித்துக் கட்டடத்தைப் பிளக்கும் என்பதால், அனல்மின் நிலையச் சாம்பலை மிகுதியாகச் சேர்த்த கம்பியற்ற கலவையால் 1999-இல் அடித்தளம் இடப்பட்டது. ஆயிரம் ஆண்டு நிற்க வேண்டும் என்பது நோக்கம். தன் ஊர், தன் கற்சுரங்கம், தன் ஆறு என்ற எதுவும் அருகில் இல்லாத தீவில், புனிதம் வடிவக் கணக்கிலேயே உள்ளது என்னும் கொள்கை உண்மையாயின், கணக்கைக் கொண்டுசென்ற அளவிலேயே புனிதமும் சென்றிருக்க வேண்டும்.

ஆனால் அக்கோயிலின் கருவறைக்குரிய மூலமூர்த்தியோ எந்தச் சிற்பியும் செதுக்காதது. அமெரிக்காவின் ஆர்கன்சாஸ் மாநிலத்து நிலத்தடியிற் கிடைத்து, 1987-இல் தீவுக்கு வந்த, 39 அங்குல உயரமும் 700 பவுண்டு எடையும் கொண்ட ஆறுபட்டை ஸ்படிகம் அங்கே சிவலிங்கமாக வணங்கப்படுகிறது. ஆகமங்கள் இலிங்கங்களைத் தோற்ற வகையாற் பிரிக்கையில், தானே தோன்றியதைச் சுயம்பு என்றும் மனிதர் செய்ததை மானுடம் என்றும் கூறும். முன்னது பின்னதினும் மேலானது. தாலக் கணக்கு முழுவதையும் அறிந்த ஸ்தபதி, முப்பதாண்டு உழைப்பைக் கேட்கும் கோயிலை வரைந்தது, அக்கணக்குக்கு உட்படாத, இயற்கை மண்ணுள் வளர்த்த ஒரு கல்லைச் சூழ்வதற்காகவே. இலிங்கத்தைச் சைவ சித்தாந்தம் அருவுருவம் என்னும், அதாவது உருவமும் உருவமின்மையும் கூடிய நிலை. அந்நிலையின் முன் சிற்பக்கலை சுவராகவும் தூணாகவும் விமானமாகவும் விலகி நிற்கிறது.

இதே நிலைமையைத் திருகோணமலை மிகக் கடுமையான முறையில் அனுபவித்தது. ஏழாம் நூற்றாண்டில் சம்பந்தர் பதிகம் பெற்றதும், 1223-ஆம் ஆண்டுக்குரிய சோடகங்கன் சமஸ்கிருதக் கல்வெட்டினால் அரசரின் கவனத்தில் இருந்தமை அறியப்படுவதுமான கோணேசர் கோயிலைப் போர்த்துக்கேயர் 1624-ஐ ஒட்டி இடித்து, அதன் கற்களைக் கொண்டே இன்று பிரட்ரிக் கோட்டை எனப்படும் அரணைத் துறைமுக முனையில் எழுப்பினர். சிற்பியின் கணக்கெல்லாம் அக்கற்களில் அப்படியே இருந்தது. தூண் தூணாகவே மதிலுக்குள் சென்றது. ஆயினும் மதிலில் உள்ள கல்லை எவரும் வழிபடவில்லை. வழிபாடு சென்றது வேறிடங்களுக்கு: கோயில் இருந்த பாறையின் உச்சிக்கு, கடலை நோக்கிய வெற்று வெளிக்கு. கட்டடம் இல்லாத மூன்று நூற்றாண்டுக் காலத்திலும் அப்பாறை கோணேசருக்கு உரியதாகவே கருதப்பட்டதும், பாறையின்மேல் பூசை நிகழ்ந்து வந்ததும், வடிவம் சிதைந்தால் புனிதம் சிதையும் என்னும் எதிர்பார்ப்புக்கு முரணானவை.

1950-இல் நகரசபையினர் நீர்த்தேவைக்காகக் கிணறு தோண்டியபோது வெளிப்பட்ட சோழர்காலச் செப்புத் திருமேனிகள், சோமாஸ்கந்தரும் சந்திரசேகரரும் அம்மையும் உள்ளிட்டவை, இவ்வினாவின் மறுபுறத்தைக் காட்டுகின்றன. மெழுகும் குங்கிலியமும் சேர்த்துப் பிசைந்து உருவம் சமைத்து, அதன்மேல் மெல்லிய வண்டல் மண்ணை அடுக்கடுக்காகப் பூசிக் காயவைத்து, சூட்டில் மெழுகை வெளியேற்றி, வெற்றிடத்தில் உலோகக் குழம்பை ஊற்றி, கருவான மண்ணை உடைத்தே படிமத்தை எடுக்க வேண்டிய முறையில் வார்க்கப்பட்டவை அவை. ஆகவே ஒவ்வொன்றும் ஒருமுறையே பிறக்கும். அவற்றைச் செய்தவர் பெயர் தெரியாது. ஆபத்துக் காலத்தில் மூர்த்தியைப் பூமியில் மறைக்கலாம் என்றும், மீண்டும் எடுக்கும்போது உரிய கிரியைகளால் வழிபாட்டுக்குக் கொண்டுவரலாம் என்றும் ஆகமம் இடம் தருகிறது. அவ்வாறே அவை ஊர்வலமாக எடுத்துச் செல்லப்பட்டு, மீண்டும் எழுந்த கோயிலில் வழிபாடு பெற்றன. கோயிலின் குடமுழுக்கு 1963-இல் நிகழ்ந்தது. இதற்கு இடையில், 1956-இல் பாறையடிக் கடலில் மூழ்கிய மைக் வில்சனும் எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் கோயிலின் எச்சங்களைக் கண்டதும், இலிங்கம் ஒன்று மேலே கொண்டுவரப்பட்டதும் கிளார்க்கின் நூலில் இடம்பெற்றுள்ளன. மனிதர் செய்த படிமம் பெரும் பழுதுற்றால் நீரில் விட்டுப் புதியதை அமைக்கச் சொல்லும் ஆகம விதி, சுயம்பு இலிங்கத்துக்கு அதனைக் கட்டாயமாக்குவதில்லை. கடல் நீருக்குள் கிடந்தது விதிப்படியே கைவிடப்பட்ட நிலைக்கு ஒப்பானது என்று வாதிடுவோருக்கு, அவ்விலிங்கத்தைச் சுயம்புவாகக் கொண்டால், அவ்விலக்கே விடை.

அதே கடற்கரையில் தோன்றி வேறு விதி பெற்ற படிமமும் உண்டு. திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடையே கண்டெடுக்கப்பட்ட, எட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்ததெனக் கருதப்படும் 143 சென்ரிமீற்றர் உயரமுள்ள, பௌத்தப் பெண்தெய்வமான தாரையின் படிமம், ஆளுநராயிருந்த றொபேர்ட் பிரவுன்றிக் 1830-இல் அளித்த கொடையாக இலண்டன் பிரித்தானிய அருங்காட்சியகத்தைச் சேர்ந்தது. உட்குடைவின்றி வார்க்கப்பட்டுப் பொன்முலாம் பூசப்பட்ட அவ்வுருவின் தொழிற்றிறம் கோணேசர் கோயில் திருமேனிகளுக்கு எவ்வகையிலும் குறைந்ததன்று. இடையின் நெளிவும் தாழ்ந்த வலக்கையின் வரமளிக்கும் முத்திரையும் தெற்காசிய வார்ப்புக்கலையின் உச்சங்களுள் வைக்கத்தக்கவை. அது பல ஆண்டுகள் பொதுமக்கள் பார்வைக்கே வைக்கப்படவில்லை. இன்று மதிக்கப்படுகிறது, காக்கப்படுகிறது, எழுதப்படுகிறது. நொக்ஸ் கூறிய கோட்டை எதிர்த்திசையில் கடந்து கலைப்பொருளாகி நிற்கிறது. அதன் கண் திறந்தே இருக்கிறது. அதன்முன் விளக்கு இல்லை.

இச்சான்றுகளை ஒருங்கே நோக்கும்போது, வடிவமே ஆற்றல் என்னும் ஸ்தபதியின் கொள்கையை விட, ஆலயமும் அடியார் திருவேடமும் இறைவன் விளங்கி நிற்கும் இடங்களாகக் கொண்டு வழிபடத்தக்கவை எனச் சிவஞானபோதத்தின் பன்னிரண்டாம் நூற்பாவழி நிற்கும் சித்தாந்த நிலையே வலிமையுடையதாகத் தோன்றுகிறது. இறைவன் எங்கும் நிறைந்தவன். வழிபடுவோன் பொருட்டு ஓரிடத்தில் விளங்குகிறான். அவ்விளக்கம் வழிபாட்டோடு சேர்ந்தது, கல்லின் அளவோடு மட்டும் சேர்ந்ததன்று. கோட்டை மதிலிலும் இலண்டன் கூடத்திலும் அளவு பிழைபடவில்லை, வழிபாடு நின்றது. ஆயினும் ஸ்தபதியை முற்றும் புறந்தள்ளவும் இயலாது. கிரியையே போதும் என்றால், கண் திறப்பை ஆசாரியரே செய்யலாம். ஆகமம் அதைச் சிற்பியின் கைக்கே விட்டது. 1950-இல் மண்ணிலிருந்து எடுக்கப்பட்டவை முகமும் முத்திரையும் கொண்ட திருமேனிகளாக இல்லாமல் உருத்தெரியாச் செப்புத் துண்டுகளாக இருந்திருந்தால், அவற்றின்பின் ஊர்திரண்டு சென்றிருக்குமா என்பது ஐயமே. மண்ணுக்குள் முந்நூறு ஆண்டுக்கு மேல் மந்திரமும் இல்லை, பூசையும் இல்லை. அத்தனை காலமும் அடையாளத்தைக் காத்து வைத்திருந்தது பெயர் தெரியாத அக்கம்மியரின் தொழிலே. புனிதத்தை உண்டாக்குவது சிற்பி அல்லன் என்றாலும், அதனை மறதியிலிருந்து மீட்கும் வழி அவன் கையில் உள்ளது. சிற்பி தோடம் என்னும் சடங்குச் சொல்லில் இதற்கு இடமில்லை, அக்குறை சிற்பியுடையதன்று.

கணபதி ஸ்தபதி 2011 செப்டெம்பரில் காலமானார். கவாய் கோயிலின் குடமுழுக்கு 2023 மார்ச்சில் நிகழ்ந்தது. இடைப்பட்ட பணியை அவர் வகுத்த வரைவைப் பின்பற்றியோரே நிறைவு செய்தனர். ஸ்படிக இலிங்கத்துக்குத் திறக்க வேண்டிய விழி இல்லை ஆதலால், மூலமூர்த்தியைப் பொறுத்தவரை, அன்று ஸ்தபதி ஒருவரின் உளிக்கு வேலை இருக்கவில்லை.